ஆறாவது டேப்பட்

என்ஜினை நிறுத்திய பிறகும் அது தட்டிக்கொண்டே இருந்தது.

டக் டக் டக். ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. பிறகு ஒரு டக்.

ஹமீதுன்னிசா டீத் தம்ளர்களோடு ஷெட்டின் வாசலில் நின்றுவிட்டாள். காலை வெயில் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக இறங்கி, வேனின் வெள்ளை முதுகில் சின்னச் சின்னக் காசுகளாகக் கிடந்தது. ஆடிக் காற்று இண்டூர் ரோட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஷெட்டின் தகரத்தில் அறைந்தது. அவள் புருஷன் காஜா வேனுக்குள் குனிந்திருந்தார். மகன் முதசிர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சத்தம் கேக்குதாடா?" என்றாள்.

"என்ஜின் ஆறுதும்மா. இரும்பு சூடு ஆறுனா அப்படித்தான் தட்டும்."

"ரெண்டு நிமிஷம்தானே ஓடுச்சு. சூடே ஏறலியே."

முதசிர் சிரித்துவிட்டு அப்பாவின் வலது காதோரம் வாயை வைத்துக் கத்தினான். "அத்தா! அம்மாவுக்கு இன்னும் சத்தம் கேக்குதாம்!"

"அவளுக்குக் கேக்கலேன்னு சொன்னாத்தான்டா நான் பயப்படணும்" என்றார் காஜா, நிமிராமலே.

இருபத்தெட்டு வருஷம் என்ஜின்களோடு தலையை ஒட்டி வேலை செய்ததில் அவருக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் கத்தினால் விழும். அதனால் இந்த ஷெட்டில் கேட்கிற வேலை ஹமீதாவுடையது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் மீது வைத்து, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால், எந்த வால்வு சரியில்லை என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் தருமபுரி வரைக்கும் மறுபேச்சுக் கிடையாது.

தம்ளர்களைப் பெஞ்சில் வைத்தாள். சத்தம் நின்றது. அவள் அருகில் வந்தது தெரிந்து நின்றது போல இருந்தது.

வேன் புதிது. அதாவது, பழைய வேன்தான், பாடி மட்டும் வேன் முதலாளி, தக்காளி வியாபாரி குப்புராஜ் வேறு எங்கோ வாங்கி வந்தது. உள்ளே இருக்கும் என்ஜின் அவருடைய பழைய வேனிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்து மாடல் என்பதால் என்ஜின் முன்னால் இருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். மூடியைத் தூக்கினால் ஓட்டுகிறவனின் இடது தொடையை ஒட்டி அது கிடக்கும், கூடவே உட்கார்ந்து வருகிற ஆள் மாதிரி.

அந்த என்ஜினை ஹமீதாவுக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய மாதையனையும் தெரியும்.

பொம்மிடிப் பக்கத்து ஆள். வேலை முடிந்த வண்டியை எடுக்க வந்தால் கூப்பிட மாட்டான். வெள்ளி மோதிரம் போட்ட விரலால் ஷெட்டின் தகரத்தைத் தட்டுவான். மூன்று தட்டு வேகமாக, ஓர் இடைவெளி, அப்புறம் ஒன்று. "அக்கா, நம்ம குதிரை ரெடியா?"

செத்து நாலு மாதம் ஆகிறது.

*

அது நோன்பு மாதம். சாயங்காலம். இதே என்ஜினுக்கு டேப்பட் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி என்ஜினில் இருப்பது ஆயில் டேப்பட். வால்வைத் தூக்கிவிடுகிற, கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பி, உள்ளே ஆயில் நிரம்பி நிற்கும். மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய கம்பி நிற்கும், அதன் தலையில் ஒரு நட்டு. காஜா ஸ்பேனரால் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க, ஹமீதா அந்தக் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருப்பாள். சின்ன வயதில் கிருஷ்ணகிரியில் தாய் வீட்டில் ஊதுபத்தி உருட்டிப் பழகிய விரல்கள் அவை. கம்பி உருள்வதை நிறுத்தி லேசாகப் பிடிக்கும் அந்த நொடியில் அவர் வலது காதில் "பிடிச்சிருச்சு" என்று கத்துவாள். அதற்குப் பிறகு காஜா அளந்து ஓர் அரைச் சுற்றுக் கொடுப்பார். அரைதான். குறைந்தால் வால்வு தட்டும். கூடினால் தட்டாது, சத்தமே இருக்காது, ஆனால் சூடு ஏறியதும் வால்வு மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மலை ரோட்டில் வண்டி செத்துவிடும். அரைச் சுற்று முடிந்ததும் ஹமீதா அந்த நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி வைத்த நட்டை யாரும் திரும்பத் தொடக் கூடாது.

அன்று ஆறாவது நட்டுக்கு அரைச் சுற்றுக் கொடுத்த நொடியில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. நோன்பு திறக்க வேண்டும். அவள் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் ஓடினாள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, தொழுகை. திரும்பி வந்தபோது ஆறாவது நட்டில் புள்ளி இல்லை. "இது இன்னும் ஆகலீங்க" என்றாள். காஜா இன்னோர் அரைச் சுற்றுக் கொடுத்தார். அவள் புள்ளி வைத்தாள்.

வண்டி போன பிறகு, இரவு சோறு வடிக்கும்போதுதான், ஆறாவதுக்கு அரைச் சுற்று முன்பே கொடுத்தாகிவிட்டது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. புடவைத் தலைப்பில் சாக்பீஸ் பொடி ஒட்டியிருந்தது.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வேன் நின்றுபோனது. பின்னால் வந்த லாரி அதைப் பாறையோடு சேர்த்து நெரித்தது. பின்பக்கம் தூள், முன்பக்கம் மடங்கிவிட்டது, நடுவில் பெட்டிக்குள் இருந்த என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துக்க வீட்டில் மாதையன் பெண்சாதி மணிமேகலை இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கதவ அறுக்கறதுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சாம். அது வரைக்கும் உள்ளேருந்து தட்டிட்டே இருந்தாராம். சுத்தி நின்னவங்க சொன்னாங்க. மூணு, அப்புறம் ஒண்ணு. மூணு, அப்புறம் ஒண்ணு. பாய் கை வச்ச வண்டி, பயமில்லேன்னு சொல்லிட்டுப் போனாருக்கா."

அவள் தன் கையைப் பிடித்திருந்தது ஹமீதாவுக்குக் கண்ணுக்குத்தான் தெரிந்தது. விரல்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துவிட்டன. ரொட்டி சுடும்போது தோசைக்கல்லைத் தொட்டால், தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் கையை எடுப்பாள். அழவும் வரவில்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. காஜாவிடம் எதையும் சொல்லவில்லை. விரலைப் பற்றியும் சொல்லவில்லை.

நேற்று இந்த என்ஜினைப் பிரித்தபோது காஜா ஆறாவது நட்டைக் கழற்றிப் பார்த்து முகம் சுளித்தார். "இவ்வளவு உள்ளே இறக்கியிருக்கான். எந்த மடப்பயலோ நமக்கப்புறம் கை வச்சிருக்கான், பாரு. பாவம் மாதையன்." அந்த டேப்பட்டை மட்டும் மாற்றிப் புதிது போட்டார். பழையது பெஞ்சின் மேல் பெயின்ட் டப்பாவில் கறுப்பு ஆயிலுக்குள் கிடந்தது.

இன்று மூன்று மணிக்கு இந்த வண்டி தக்காளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் வழியாகச் சேலம் போகிறது. ஓட்டப்போவது முதசிர். அவனுக்குக் கிடைத்த முதல் வேலை. அவளுக்குப் பிள்ளை என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

*

"வா, டேப்பட்ட வச்சு முடிச்சுடலாம். ஜும்மாவுக்கு நேரமாயிடும்" என்றார் காஜா.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டின் ரெக்சின் தொடையில் ஒட்டியது. மூடி திறந்த பெட்டியிலிருந்து பழைய ஆயிலின் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை, துருப்பிடித்த காசை நாக்கில் வைத்தது போல. முதல் கம்பியை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. கம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது.

அவள் காஜாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். ஸ்பேனர் பிடித்த கையில் நரம்பு எப்போது புடைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்து, "பிடிச்சிருச்சு" என்றாள்.

அரைச் சுற்று. புள்ளி.

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. எல்லாம் அவர் நரம்பைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஆறாவது கம்பியை எடுத்தபோது விரலில் ஏதோ தெரிந்தது.

நாலு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக. வெதுவெதுப்பு. கம்பியின் அந்த முனையை, கீழே இருட்டுக்குள், யாரோ இரண்டு விரலால் பிடித்திருப்பது போல ஓர் இழுவை.

"என்ன? பிடிச்சிருச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

காஜா ஸ்பேனரை நகர்த்தினார். அதே நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு. அவருக்கு அது கேட்கவில்லை. முதசிர்தான் வாசலிலிருந்து கையைக் காட்டினான். "அத்தா, வாங்க, லேட்டாச்சு!"

"மிச்சத்த வந்து பாத்துக்கலாம்" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். முதசிர் போகும்போது வேனின் கதவை முஷ்டியால் தட்டினான். டக் டக், டக் டக். அவன் பழக்கம் அது. இரண்டு இரண்டாகத் தட்டுவான். சின்ன வயதில் குளியலறைக் கதவையும் அப்படித்தான் தட்டுவான். "அம்மா, புழுதி உள்ளே போகுது, கதவச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டு அவனே கதவை அறைந்து சாத்தினான்.

வெளியே பைக் கிளம்பும் சத்தம். பிறகு காற்று மட்டும்.

அவள் கையில் சாக்பீஸ் இருந்தது. ஆறாவது நட்டில் புள்ளி இல்லை.

காஜா அரைச் சுற்றுக் கொடுத்தாரா? கொடுத்தார். ஸ்பேனர் நகர்ந்ததைப் பார்த்தாள். இல்லை, அது அன்று பார்த்தது. அன்றும் இதே கை, இதே ஸ்பேனர், இதே பாங்கு. இன்றைக்கு நடந்ததையும் அன்றைக்கு நடந்ததையும் பிரித்துப் பார்க்க முயன்றாள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் சூடு ஏறிக்கொண்டே போனது. முதுகில் வேர்வை ஓடியது. வெளியே தகரம் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. அந்த அமைதிக்குள், தொடையை ஒட்டி, கீழே, இரும்புக்குள்ளிருந்து வந்தது.

டக் டக் டக். இடைவெளி. டக்.

அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். முனையை முதல் நட்டில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து. கிணற்றுக்குள் காதை வைத்தது போல வெறும் ஊ என்ற ஒலி.

ஆறாவதில் வைத்தாள். தட்டும் சத்தம் இல்லை. மூச்சு இருந்தது. யாரோ காதை அந்தப் பக்கத்தில் அழுத்திக்கொண்டு இவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்குரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது.

நட்டை முழுதாகத் தளர்த்திவிட்டு, முதலிலிருந்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அதுதான் முறை. ஸ்பேனரைப் போட்டுத் தளர்த்தினாள். கம்பியை விரல்களுக்கு நடுவில் வைத்து வலப்பக்கம் உருட்டினாள்.

கம்பி இடப்பக்கம் உருண்டது.

அவள் விரலை நிறுத்தினாள். கம்பி நிற்கவில்லை. மெதுவாக, பொறுமையாக, அவள் ஊதுபத்தி உருட்டுவது போலவே, அவள் விரல்களை அது உருட்டிக்கொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். தட்டல் தொடங்கியது. முன்பு போல் இல்லை. வேகமாக. மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. பெட்டி அதிர்ந்தது. தளர்த்தியதால் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

கதவுப் பிடியை இழுத்தாள். வரவில்லை. தோளால் மோதினாள். வரவில்லை. அந்தப் பக்கத்துக் கதவு. அதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஷெட், பெஞ்ச், டீத் தம்ளர்கள், வெயில். எல்லாம் அப்படியே இருந்தன. பட்டப்பகல். ரோட்டில் ஒரு பஸ் போனது. ஸ்பேனரால் கதவைத் தட்டினாள். யாராவது கேட்கட்டும். தட்டினாள். தட்டினாள்.

எப்படித் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் காதில் விழுந்தது.

மூன்று. இடைவெளி. ஒன்று.

கீழேயிருந்து அதே போல் பதில் வந்தது.

"தம்பி" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "மாதையா. தெரியாமத்தான்டா பண்ணிட்டேன். போதும்டா."

நிற்கவில்லை. சூடு. ஆயில் வாசனை. காசு வாசனை. மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. மண்டைக்குள். பல்லுக்குள்.

அவள் ஸ்பேனரை நட்டில் போட்டாள்.

அரைச் சுற்று இறுக்கினாள். தட்டல் மங்கியது. துணியைப் போட்டு மூடியது போல.

இன்னோர் அரைச் சுற்று.

மூன்று தட்டு வந்தது. இடைவெளி. அவள் காத்திருந்தாள். அந்த ஒன்று வரவில்லை.

அமைதி. எவ்வளவு நல்ல அமைதி. அவள் சாக்பீஸை எடுத்து ஆறாவது நட்டின் மேல் புள்ளி வைத்தாள். விரல்கள் பழையபடி மரத்திருந்தன. கதவைத் தொட்டாள். அது தானாகத் திறந்துகொண்டது.

*

தொழுகை முடிந்து வந்த காஜா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஆறாவதையும் நீயே முடிச்சிட்டியா? கெட்டிக்காரி." மிச்சம் இரண்டையும் வைத்து மூடினார்கள். முதசிர் சாவியைத் திருப்பினான். என்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஒரு தட்டல் இல்லை.

குப்புராஜ் மூன்று மணிக்கு வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாய், உங்க வூட்டம்மா காது மட்டும் இல்லேன்னு வைங்க, நீங்க கடையச் சாத்திட்டு என்கூட தக்காளிதான் வித்துட்டு வரணும்" என்றார்.

"என்னது?" என்றார் காஜா.

"தக்காளி, பாய், தக்காளி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹமீதா வேனின் ஜன்னலோரம் போய் நின்றாள். இப்போது சொல்லலாம். இரண்டு அரைச் சுற்று என்றால் போதும், காஜா புரிந்துகொள்வார், பத்து நிமிஷ வேலை. ஆனால் இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"முதசிர்."

"என்னம்மா?"

"சாப்ட்டுட்டுப் போ."

"வந்து சாப்பிடறேம்மா. எடுத்து வை." கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டினான். டக் டக், டக் டக். வேன் சத்தமில்லாமல் புழுதிக்குள் போனது.

அவள் சோறு எடுத்து வைத்தாள். தட்டை மூடினாள். பாத்திரம் கழுவினாள். திரும்ப ஷெட்டுக்கு வந்து தரையைப் பெருக்கினாள். காஜா முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் பெஞ்சின் கால் வரைக்கும் வந்துவிட்டது. நாலு மணி இருக்கும். லோடு வண்டி இந்நேரம் தொப்பூர் கணவாயில் இருக்கும்.

பெஞ்சில் ஏதோ சத்தம் கேட்டது.

பெயின்ட் டப்பா. கறுப்பு ஆயிலின் மேல் ஒரு குமிழ் வந்து உடைந்தது. அடியில் கிடந்த பழைய டேப்பட் தகரத்தில் மோதியது.

டக் டக். டக் டக்.

துடைப்பம் அவள் கையிலேயே இருந்தது. தவறாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தாள். மூன்றும் ஒன்றும்தானே. இன்னொரு குமிழ்.

டக் டக். டக் டக்.

இரண்டு இரண்டாக. குளியலறைக் கதவைத் தட்டுவது போல. அம்மா, கதவைத் திற என்பது போல.

அவள் டப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். பெஞ்சின் மறுமுனையில் காஜாவின் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்து நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அவள் திரும்பவில்லை.

டக் டக்.

டக்.

குமிழ்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. அவள் ஆள்காட்டி விரலை ஆயிலுக்குள் விட்டாள். குளிர்ந்திருந்தது. குளிர் தெரிந்தது. இரும்பின் விளிம்பு தெரிந்தது. நாலு மாதமாக மரத்துக் கிடந்த விரல் ஒவ்வொன்றையும் உணர்ந்தது. பிறகு அந்தக் கறுப்புக்குள் ஏதோ வந்து அவள் விரலைச் சுற்றிப் பிடித்தது. சின்னப் பிடி. பிறந்த அன்று முதசிர் பிடித்தானே, அதே பிடி. இறுக்கமாக, வெதுவெதுப்பாக, விடாமல்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது.